சில்லறை கேட்ட தத்துவம்: ஃப்ரைபுர்க்கிலிருந்து ஹைடல்பெர்க் வரை

மே 26, 2025, திங்கள் – ஃப்ரைபுர்க்

மதுரையில் கத்திரி வெயிலில் கிளம்பியவனை இங்கே ஜெர்மனியில் 11 டிகிரி குளிரும் விடாத தூறலும் வரவேற்றன. ரயிலடியிலிருந்து அறைக்கு நடப்பதற்குள் குடை இரண்டு தரம் பின்பக்கமாக மடங்கிவிட்டது. பழைய நகரத் தெருக்களின் ஓரமாகச் சின்ன வாய்க்கால்கள் ஓடுகின்றன. ‘பெஹ்லே’ என்கிறார்கள். தெரியாமல் இதில் கால் வைத்தவர்கள் இந்த ஊர்க்காரரைத்தான் கட்டிக்கொள்வார்களாம். ரிட்டையர் ஆன வயசில் வம்பு எதற்கு என்று பார்த்துப் பார்த்துத் தாண்டினேன்.

வங்கி வேலைக்கு நடுவே அஞ்சல் வழியில் தத்துவம் எம்.ஏ. முடித்தவன் நான். உலகம் நம் அனுபவத்தில் எப்படித் தெரியவருகிறது என்று பார்க்கும் நிகழ்வியல் ஒரு தாள், நூல்களை எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்று பார்க்கும் பொருள்கோளியல் ஒரு தாள். ஹுசெர்ல், அவருக்குப் பின் வந்த ஹைடெக்கர், ஹைடெக்கரிடம் படித்த கடாமர் என்று மூன்று தத்துவவாதிகளையும் நெட்டுருப் போட்டுப் பாஸ் பண்ணினேன். அக்கா மகன் கார்ல்ஸ்ரூவில் என்ஜினியரிங் படிக்கிறான். அவன் இருக்கிற தைரியத்தில்தான் இந்தப் பயணம்.

மதியம் பேராலயத்தைச் சுற்றியுள்ள சந்தைக்குப் போனேன். கோபுரம் 116 மீட்டர்; மேகத்தில் பாதியைக் காணோம். இங்கே எல்லோரும் கையில் பிடித்துக்கொண்டு தின்பது ‘லாங்கே ரோட்டே’ என்ற 35 சென்டிமீட்டர் தொத்திறைச்சி. பன்னுக்கு வெளியே இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு நிற்கிறது. விலை நாலு யூரோவுக்குள். வெங்காயம் போட்டா, போடாமலா என்பதுதான் ஒரே கேள்வி. ஐம்பது யூரோ நோட்டை நீட்டினேன். கடைக்கார அம்மா நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேசவில்லை. வரிசையில் பின்னால் நின்றவர் தன் பர்ஸைத் திறந்து இரண்டு இருபது, ஒரு பத்து என்று எண்ணி என் கையில் வைத்து, ஐம்பதை வாங்கிக்கொண்டார். நன்றி சொல்வதற்குள் கடுகுச் சாஸ் பக்கம் போய்விட்டார்.

ஹுசெர்ல் 1916 முதல் 1928 வரை பாடம் நடத்தியது இந்த ஊரில்தான். மாணவர்கள் பெரிய வார்த்தைகளாக அடுக்கினால், ‘பெரிய நோட்டு வேண்டாம், சில்லறையாகக் கொடுங்கள்’ என்பாராம். இது கடாமர் பிற்பாடு நினைவுகூர்ந்தது. ‘உலகம்’, ‘உண்மை’, ‘ஆன்மா’ என்று நோட்டை நீட்டாதே. இந்த மேஜை உன் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்பதிலிருந்து ஒவ்வொரு காசாக எண்ணி வை என்று அர்த்தம். கேஷ் கவுண்டரில் உட்கார்ந்தவனுக்கு இந்த மனிதரைப் பிடிக்காமல் போகுமா?

மே 27, செவ்வாய் – லொரெட்டோ தெரு, குண்டர்ஸ்டால்

காலையில் முதலில் பல்கலைக்கழகம். செங்கல் நிறக் கட்டடம். வாசலின் இரு பக்கமும் ஹோமரும் அரிஸ்டாட்டிலும் வெண்கலத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். மேலே ‘உண்மை உங்களை விடுதலையாக்கும்’ என்ற பைபிள் வாசகம். 1933-இல் இதே மே 27 அன்றுதான் புதிய ரெக்டராக, அதாவது பல்கலைக்கழகத் தலைவராக, ஹைடெக்கர் தன் உரையை வாசித்தார். அந்த மாதம் ஒன்றாம் தேதி நாஜிக் கட்சியில் சேர்ந்திருந்தார். அதற்கு முன்பே, ஏப்ரலில், யூதப் பிறப்பைக் காரணம் காட்டி ஹுசெர்லைப் பதவி விலக்கம் செய்து மாநில அரசு உத்தரவு அனுப்பியிருந்தது. அந்த உத்தரவில் கையெழுத்துப் போட்டதே ஹைடெக்கர்தான் என்று ஒரு கதை உலவுகிறது. அது சரியல்ல, உத்தரவு வந்த பிறகுதான் அவர் ரெக்டராகத் தேர்வானார். செய்யாததை ஏற்றிச் சொல்ல வேண்டியதில்லை, செய்ததே போதும்.

டிராமில் லொரெட்டோ தெரு. 1937 வரை ஹுசெர்ல் குடியிருந்த 40-ஆம் எண் வீடு அமைதியான குடியிருப்புத் தெருவில் இருக்கிறது. எதிர் நடைபாதையில் குடையோடு நின்றேன். முன்பக்கச் சுவரும் ஜன்னல்களும் மட்டும்தான் தெரிகின்றன. பின்கட்டு தெரியவில்லை, மாடிப்படி தெரியவில்லை. ஆனால் நான் பார்த்தது சுவரை அல்ல, வீட்டை. தெரியாத பக்கங்களையும் சேர்த்துத்தான் கண் பார்க்கிறது. இது சினிமாவுக்குப் போட்ட செட் என்று யாராவது காதில் சொன்னால், ஒரு செங்கல்கூட நகராமல் அதே சுவர் அடுத்த நொடியே வேறொன்றாகிவிடும். ஹுசெர்ல் சொன்னதாக எம்.ஏ. பரீட்சையில் பத்து மார்க்குக்கு எழுதிய விஷயம். புரிந்தது இந்த நடைபாதையில்தான்.

அதைவிட முக்கியமான இன்னொரு காரியமும் அவர் செய்தார். வெளியே உலகம் நிஜமாகவே இருக்கிறதா என்ற வழக்கை ஒத்திவைத்தார். இல்லை என்று சொல்லவில்லை, சந்தேகப்படவும் இல்லை. வங்கியில் எந்தக் கணக்குக்குப் போகவேண்டும் என்று முடிவாகாத தொகையை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போட்டு வைப்போமே, அந்த மாதிரி. அதை ஓரமாக வைத்துவிட்டு, உலகம் எனக்கு எப்படித் தெரியவருகிறது என்பதை மட்டும் எழுதிக்கொண்டே போனார். கபெல்ஸ்பெர்கர் சுருக்கெழுத்தில் சுமார் 40,000 பக்கம்! சின்ன வயதில் பரிசாகக் கிடைத்த பேனாக்கத்தியைக் கூர் தீட்டித் தீட்டி, கடைசியில் தகடே தேய்ந்துபோன கதையை அவரே தன்னிடம் படித்த லெவினாஸிடம் சொல்லியிருக்கிறார். வருத்தத்தோடுதான் சொன்னாராம்.

டிராம் குண்டர்ஸ்டாலில் முடிகிறது. கல்லறைத் தோட்டத்து வாசலில் பூவாளிகளைச் சங்கிலியில் கோத்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள்; காசு போட்டால்தான் ஒன்று கழன்று வரும், திருப்பி மாட்டினால் காசு திரும்பும். மழையிலும் ஒரு பாட்டி பூவாளியோடு வந்திருந்தார். நான் முழிப்பதைப் பார்த்து, ‘யாரைத் தேடுகிறீர்கள்?’ என்றார். பெயரைச் சொன்னேன். ‘ஓ, புரொஃபஸரா’ என்று என் முழங்கையைப் பிடித்தே கூட்டிக்கொண்டு போனார். உறவா என்று கேட்டார். பரீட்சைக்குப் படித்தவன் என்றால் என்ன நினைப்பாரோ என்று, ‘மாணவன்’ என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

எளிமையான கல். ஹுசெர்ல் இறந்தது 1938 ஏப்ரல் 27. கடைசி மாதங்களில் அவரைப் பார்த்துக்கொண்டவர் இதே குண்டர்ஸ்டாலின் லியோபா மடத்துக் கன்னியாஸ்திரியான அடெல்குண்டிஸ் யேகர்ஷ்மிட். அவருடைய பழைய மாணவி. ‘இருப்பும் காலமும்’ நூலை 1927-இல் ஹுசெர்லுக்குச் சமர்ப்பித்த ஹைடெக்கர் இறுதிச் சடங்குக்கு வரவில்லை. உடம்பு சரியில்லை என்று காரணம் சொல்லப்பட்டது. 1941 பதிப்பில் சமர்ப்பணப் பக்கமும் காணாமல் போயிற்று. அந்த 40,000 பக்கத்தைக் காப்பாற்றியது வான் ப்ரேடா என்ற பெல்ஜியத் துறவி. 1938-இல் ஆய்வுக்காக இங்கே வந்தவர், விஷயத்தின் அபாயம் புரிந்து, பெல்ஜியத் தூதரகம் வழியாக எல்லாவற்றையும் லூவெனுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். மனைவி மல்வீனையும் போர் முடியும் வரை பெல்ஜியத்தில் ஒரு மடத்தில் ஒளித்துவைத்தார்கள்.

இரவு ப்ரேகெலே: உருளைக்கிழங்கைச் சீவி வறுத்தது. கூடவே பூண்டும் வெங்காயத்தாளும் கலந்த தயிர்ப்பாலாடை. 13 யூரோ. தண்ணீர் தனியாக 3.60. காசு கொடுத்து வாங்கிய தண்ணீரில் கேஸ் வேறு.

மே 28, புதன் – டோட்நாவ்பெர்க்

மருமகன் காலையில் வந்து சேர்ந்தான். பஸ் மலையேற ஏற மூடுபனி. டோட்நாவ்பெர்க்கில் இறங்கியபோது எதிர்ச் சாரியில் இருக்கும் வீடுகூடத் தெரியவில்லை. விடுதிக்கார அம்மா ஈரச் செருப்பை வாங்கி அடுப்பருகே வைத்தார். தங்குகிற எல்லோருக்கும் இலவச பஸ் அட்டை ஒன்று கொடுக்கிறார்கள். கேட்காமலே கிடைத்த ஒரே விஷயம் இந்த நாட்டில் அதுதான்.

ஹைடெக்கரின் மலைக் குடிசையைப் பார்க்க வந்தீர்களா என்று அவரே கேட்டார். நிறைய ஜப்பானியர் வருவார்களாம். உள்ளே விடமாட்டார்கள், குடும்பத்தார் சொத்து, எட்டி நின்று பார்த்துவிட்டு வந்துவிடுங்கள் என்றார்.

வேறு வேலை இல்லை. செர்ரி கேக்கும் காபியும் எட்டு யூரோவுக்குச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டோம்.

மே 29, வியாழன் – அதே ஊர், பிறகு நடுவழி

பளீரென்று விடிந்தது. இன்று இயேசு விண்ணேற்ற நாள், நாடு முழுக்க விடுமுறை. அதோடு தந்தையர் தினமும். ஆண்கள் கும்பல் கும்பலாக இழுவண்டியில் பீர் ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் பாட்டுப் பாடியபடி நடக்கிறார்கள். எட்டரை மணிக்கே நாலு பேர் எங்களுக்கு ஆளுக்கொரு பாட்டில் நீட்டினார்கள். மருமகன் வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தான். நான் மலையைப் பார்த்தேன்.

ஹைடெக்கர் பெயரில் ஒரு சுற்றுப்பாதை போட்டிருக்கிறார்கள், சுமார் ஆறு கிலோமீட்டர். ரூட்டே என்ற சின்னக் குடியிருப்புக்கு மேலே, சரிவில், காட்டை முதுகுக்கு வைத்து நிற்கிறது குடிசை. ஆறுக்கு ஏழு மீட்டர். 1922-இல் மனைவி எல்ஃப்ரீடே முன்னின்று கட்டுவித்தது. மரச்சில்லு பதித்த சுவர். பக்கத்தில் மரத்தொட்டியில் தண்ணீர் விழுந்துகொண்டிருக்கிறது. அதன் கம்பத்தின் மேல் நட்சத்திரம் செதுக்கிய மரக்கட்டை.

“மாமா, இதுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க?”

நியாயமான கேள்வி. பதில் சொல்வதற்குள் கீழே சாலையில் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக உறுமிக்கொண்டு போயின. விடுமுறை என்றால் கருங்காட்டு மலைச்சாலை முழுக்க இவர்கள்தான். “அது என்ன சத்தம்?” என்று கேட்டேன். “பைக் மாமா. பிஎம்டபிள்யூ மாதிரி இருக்கு” என்றான். இதைத்தான் ஹைடெக்கர் ‘இருப்பும் காலமும்’ நூலில் எழுதுகிறார்: நாம் முதலில் வெறும் ஓசையைக் கேட்டு, பிறகு அது பைக் என்று முடிவுக்கு வருவதில்லை. கேட்பதே மோட்டார் சைக்கிளைத்தான், மரங்கொத்தியைத்தான், கிறீச்சிடும் வண்டியைத்தான். வெறும் ஓசையைக் கேட்கவேண்டுமானால் அதற்குத்தான் தனிப் பயிற்சி வேண்டும். பொருளோடு வராத உலகம் நமக்கு இல்லை. ஹுசெர்ல் பார்வையிலிருந்து தொடங்கியதை இவர் புழங்குவதிலிருந்து தொடங்கினார்: சுத்தியல் ஆணி அடிக்கும்போது சுத்தியலாகத் தெரிவதில்லை, கை அதை மறந்துவிடுகிறது, பிடி உடையும்போதுதான் அது கண்ணில் படுகிறது. மருமகனுக்கு இது சட்டென்று பிடித்துப்போயிற்று. “வைஃபை மாதிரி” என்றான்.

அந்தச் சிந்தனை பெரியது, சந்தேகமில்லை. ஆனால் இந்தக் குடிசையைச் சுற்றி எழுப்பியிருக்கும் பக்தி எனக்கு ஒட்டவில்லை. பெர்லினிலிருந்து வந்த அழைப்பை ஏன் மறுத்தார் என்பதற்கு அவரே ஒரு கதை எழுதியிருக்கிறார்: பக்கத்து வீட்டு எழுபத்தைந்து வயது விவசாயி பேசாமல் தோளில் கைவைத்துத் தலையை ஆட்டினாராம், வேண்டாம் என்று. அந்தப் பெரியவர் தன் ஏர்க்காலைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தாரோ என்னவோ, பேசாத மனிதரைச் சாட்சிக்கு இழுப்பது வசதியானது. 1967 ஜூலை 25 அன்று பால் செலான் இங்கே வந்தார். தாய் தகப்பனை நாஜி முகாமில் பறிகொடுத்த கவிஞர். சிந்திப்பவரிடமிருந்து ஒரு சொல் வரும் என்ற நம்பிக்கையைக் குடிசையின் வருகையேட்டில் எழுதிவைத்தார். சதுப்பு நிலத்தில் இருவரும் நடந்தார்கள், மழை வந்தது, திரும்பிவிட்டார்கள். ஒரே வாரத்தில் அந்த ஊரின் பெயரிலேயே கவிதை எழுதினார். எதிர்பார்த்த சொல் வரவேயில்லை.

ஊருக்குக் கீழே அருவிப் பள்ளத்தின் குறுக்கே 2023-இல் திறந்த தொங்குபாலம், சுமார் 450 மீட்டர். தொழில்நுட்பம் இயற்கையை வெறும் சரக்காக்குகிறது என்று எழுதிய ஹைடெக்கரின் மலையில் டிக்கெட் வாங்கி ஆடிக்கொண்டே நடக்கிறது கூட்டம். மருமகனும் போய் ஆடிவிட்டு வந்தான்.

பிறகுதான் ஆரம்பித்தது. மத்தியான பஸ் ஏற்கெனவே பீர் வண்டிகளால் நிரம்பி வந்தது. டிரைவர் கையை விரித்துவிட்டுக் கதவைச் சாத்தினார். விடுமுறை அட்டவணைப்படி அடுத்தது இரண்டு மணி நேரம் கழித்து. நிழலில்லாத நிறுத்தத்தில் நின்றோம். காரில் போன வயதான தம்பதி ஐம்பது மீட்டர் தாண்டிப் போய், பின்னோக்கி வந்து, எங்கே போகவேண்டும் என்று கேட்டார்கள். டிட்டிஸே ரயிலடி வரை கொண்டுவிட்டார்கள். மெஸ்கிர்க் போகிறோம் என்றதும் அந்த அம்மாள், “அங்கே என்ன இருக்கிறது?” என்றார். ஹைடெக்கர் பெயரைச் சொன்னதும் அவர் கணவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, “நன்றாகப் பனிச்சறுக்கு விளையாடுவார்” என்றார். அதுவும் உண்மைதான்.

டான்யூப் பள்ளத்தாக்கு வழியாக ரயில். சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே பாய்ரோன் மடம் கடந்துபோயிற்று. ஹைடெக்கர் வந்து தங்கிய மடம். ஹுசெர்லின் உதவியாளராக இருந்த எடித் ஸ்டைனும் பிற்பாடு இங்கே வந்து பிரார்த்தனையில் அமர்ந்தார். அவர் கார்மல் துறவியானார். 1942 ஆகஸ்டில் அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். பரிவுணர்வு பற்றி 1916-இல் ஃப்ரைபுர்க்கில் முனைவர் பட்டம் வாங்கியவர். என் எம்.ஏ. பாடத்திட்டத்தில் அந்த அம்மாள் பெயரே இல்லை.

மே 30, வெள்ளி – மெஸ்கிர்க்

மருமகன் விடிகாலையில் கார்ல்ஸ்ரூ திரும்பிவிட்டான், பரீட்சை இருக்கிறதாம்.

ஹைடெக்கர் பிறந்த சின்ன ஊர். ரொட்டிக்கடையில் காபி 2.60, பயணத்திலேயே மலிவு. மார்ட்டின் தேவாலயத்தில் ஹைடெக்கரின் அப்பா மணியடிக்கும் பணியாளர். பீப்பாய் செய்யும் தொழிலும் தெரிந்தவர். 1907-இல், பதினேழு வயதுப் பையனுக்கு இதே ஊர்க்காரரான பாதிரியார் கொன்ராட் க்ரோபர் ஒரு புத்தகம் கொடுத்தார்: அரிஸ்டாட்டிலிடம் ‘இருப்பு’ எத்தனை பொருளில் வருகிறது என்று தத்துவவாதி பிரென்டானோ எழுதியது. வாழ்நாள் முழுக்க அந்த ஒரு கேள்வியை அவர் விடவில்லை. அந்த பிரென்டானோதான் ஹுசெர்லுக்கும் வியன்னாவில் ஆசிரியர்.

கல்லறையில் அம்மா அப்பா கல்லுக்கும் தம்பி கல்லுக்கும் சிலுவை. இவருக்கு மட்டும் நட்சத்திரம். எனக்குத் தம்பி ஃப்ரிட்ஸ் மேல்தான் கண் போயிற்று. இந்த ஊர் வங்கியில் வேலை பார்த்தவர். பேச்சில் திக்கல், ஆனால் திருவிழா மேடையேறினால் ஊரையே சிரிக்கவைப்பாராம். சாயங்காலங்களில் அண்ணனின் ஆயிரக்கணக்கான பக்கக் கையெழுத்துப் பிரதிகளை உட்கார்ந்து தட்டச்சு செய்தவர் இவர்தான். லெட்ஜர் மூடிவிட்டு வீட்டுக்கு வந்து ‘இருப்பின் மறதி’யை டைப் அடிப்பதை நினைத்துப் பார்த்தேன். உலகம் அண்ணன் மார்ட்டினைப் படிக்கிறது. ஊர்க்காரர்களுக்கு ஃப்ரிட்ஸ்தான் மனிதர்.

மே 31, சனி – ஹைடல்பெர்க்

ஒரே நாளில் வெயில் 30-ஐத் தொட்டுவிட்டது. பழைய பாலத்தில் செல்ஃபிக் கூட்டம். காபி 4.40. ‘தத்துவர் நடைபாதை’க்குச் செங்குத்தான படிக்கட்டு வழியாக ஏறி மூச்சு வாங்கியதுதான் மிச்சம். மேலே தத்துவம் பேசுபவர் யாரும் இல்லை. கல்யாண போட்டோ எடுக்கிறார்கள்.

வெள்ளை அஸ்பராகஸ் பருவம். உருளைக்கிழங்கும் வெண்ணெய்ச் சாறும் சேர்த்து 21 யூரோ. இதற்காக நாடே ஏன் இப்படி உயிரை விடுகிறது என்று கடைசி வரை விளங்கவில்லை.

ஜூன் 1, ஞாயிறு – சீகல்ஹவுசன்

மருமகன் மறுபடி வந்துவிட்டான். கார்ல்ஸ்ரூ பக்கம்தான். ஹைடல்பெர்க்கை ஒட்டிய இந்த நெக்கார் ஆற்றங்கரைப் பகுதியில், காட்டோரக் கல்லறையில் இருக்கிறார் கடாமர். 1900 பிப்ரவரியில் பிறந்து 2002 மார்ச்சில் இறந்தார். 1922-இல் போலியோ வந்து படுத்துக்கிடந்தபோது ஹுசெர்லைப் படித்தவர். அடுத்த வருஷம் ஃப்ரைபுர்க் போய் ஹைடெக்கரிடம் சேர்ந்தார். 1949-இல் தத்துவப் பேராசிரியர் யாஸ்பெர்ஸின் இடத்துக்கு இங்கே வந்தார். ‘உண்மையும் முறையும்’ வெளிவந்தது 1960-இல், அவருடைய அறுபதாம் வயதில். இவரும் முழுச் சுத்தமில்லை: 1933-இல் ஹிட்லருக்கு ஆதரவு தெரிவித்த பேராசிரியர்கள் பட்டியலில் இவர் கையெழுத்தும் உண்டு.

இறங்கி வந்து ஆற்றங்கரை ஓட்டலில் உட்கார்ந்தோம். சீஸ் போட்ட ஷ்பெட்ஸ்லே, 14.50. அங்கேதான் வாக்குவாதம். கடாமர் சொல்வதைச் சொன்னேன்: முன்முடிவே இல்லாமல் யாராலும் ஒரு நூலைப் படிக்க முடியாது. நம் மரபு நமக்குள் ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கிறது. அதைத் துடைத்தெறிவது வேலையல்ல. நூலோடு மோதவிட்டு, அது நம்மைக் கேட்கும் கேள்விக்குக் காது கொடுப்பதுதான் வேலை.

“அப்போ ஜாதி? அதுவும் மரபுதானே மாமா. எங்க தாத்தாவுக்குள்ளயும் அது பேசிக்கிட்டுதான் இருந்துச்சு.”

எனக்கு உடனே பரிமேலழகர் ஞாபகம் வந்தது. குறளில் அறம் என்றால் என்ன என்று விளக்க வந்தவர், மனு முதலிய நூல்களில் விதித்தன செய்தலும் விலக்கியன ஒழிதலும் என்று எழுதினார். வள்ளுவர் பெயரே சொல்லாத மனு, உரை வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார். பல நூற்றாண்டுகள் அந்த உரையோடு சேர்த்துத்தான் குறளைப் படித்தோம். முன்முடிவு கதவைத் திறக்கும் என்கிறார் கடாமர். இங்கே சாத்தியதும் அதுதான்.

இவன் கேட்ட கேள்வியைத்தான் 1967-இல் ஜெர்மன் தத்துவவாதி ஹாபர்மாஸ் கேட்டார். மரபு என்பது வெறும் உரையாடல் அல்ல, அதற்குள் அதிகாரம் ஒளிந்திருக்கிறது. பேச்சே கோணலாக்கப்பட்டிருக்கும்போது பேசிப் புரிந்துகொள்வோம் என்றால் எப்படி? கடாமரின் பதில்: அந்தக் கோணலைக் கண்டுபிடிப்பதும் பேச்சுக்குள்ளேதான் நடக்கிறது, வெளியே போய் நிற்க இடமில்லை. தர்க்கப்படி கடாமர் சொல்வது சரி. ஆனால் யாரைப் பேச்சுக்கே உட்காரவிடவில்லையோ, அவர்களுக்கு இந்தப் பதிலால் என்ன லாபம்? அந்த இடத்தில் மருமகன் பக்கம்தான் எனக்கு நிற்கத் தோன்றுகிறது. கடாமரையே வைத்துக்கூட அவனுக்கு ஒரு பாயிண்ட் இருக்கிறது: நல்ல கேள்வி கேட்பவன் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பதில்லை. பரிமேலழகர் கையில் வைத்திருந்தார்.

பரிசாரகப் பெண் வந்து, சேர்த்தா, தனித்தனியா என்று கேட்டாள். நான் பர்ஸைத் திறப்பதற்குள் மருமகன் தன் அட்டையை நீட்டினான். அட்டை வாங்குவதில்லையாம்.

ரயிலுக்கு நேரமாகிவிட்டது. ஹாபர்மாஸின் கட்டுரையும் கடாமரின் மறுப்பும் 1971-இல் ஒரே தொகுப்பாக வந்திருக்கிறது, ஜெர்மன் தெரிந்தவன்தானே, ஒரு பக்கத்தை மட்டும் படித்துவிட்டு ஆடாதே, ரெண்டையும் படி என்றேன்.

“தெர்மோடைனமிக்ஸ் முடியட்டும் மாமா” என்றான்.